ஃபிராங்கிஷ் ப்ரோச் வாங்கலாமா?

தேக்காவாசி: ஆன்லைன் ஏலத்துல 6ஆம் நூற்றாண்டு ஃபிராங்கிஷ் ப்ரோச்னு (அந்தக் கால ஐரோப்பாவுல ஃபிராங்க் மக்கள் துணியில குத்திக்கிட்ட நகை ஊசி) வட்டமா ஒண்ணு, சிவப்பு கார்னெட் கல்லு பதிச்சது, சிங்கப்பூருக்கும் அனுப்புவாங்களாம், ஒரிஜினலானு எப்படிங்க பாக்குறது?

ஈசூன்காரன்: கல்லுக்கு அடியில பாருங்க, மெல்லிசான தங்கத் தகடுல குட்டிக் குட்டிக் கட்டமா அழுத்தியிருப்பாங்க, வெளிச்சம் அதுல பட்டுத்தான் கல்லு அப்படி ஜொலிக்கும். அது இல்லன்னா சந்தேகப்படுங்க, ஆனா சில ஒரிஜினல்லயும் தகடு போயிருக்கும். அந்தக் கார்னெட்ல நிறைய இந்தியா, இலங்கைலேர்ந்து போனது, எனக்கு அதுல ரொம்பப் பெருமைங்க!

மலர்க்கா: அதைவிட பேப்பர் முக்கியம் தம்பி. எங்க கிடைச்சது, யார்கிட்ட இருந்துச்சு, ஏற்றுமதி லைசென்ஸ் இருக்கா, எல்லாம் எழுத்துல கேளு. 1653ல பெல்ஜியத்து டூர்னே ஊர்ல கிடைச்ச, ஃபிராங்க் ராஜா சில்டெரிக்கோட கல்லறைப் புதையலையே 1831ல பாரிஸ்ல திருடி முக்கால்வாசி உருக்கிட்டாங்க, அதுல இருந்த தங்கத் தேனீ உருவங்கள்ல ரெண்டுதான் மிச்சம்.

தேக்காவாசி: நன்றிக்கா, பேப்பர் கேட்டு மெசேஜ் போட்டுட்டேன்.