ஒரு சிஎஸ்வி கோப்பைப் படிக்க பாண்டாஸ் எதற்கு?

பனையோலை:
நம் நூலகப் பட்டியல் கருவியிலிருந்து, அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நிரல் நூலகமான பாண்டாஸை எடுத்துவிடலாம் என்று எழுதினேன். "நிஜக் கோப்பைப் பார்க்காதவர்கள் பேசும் பேச்சு" என்று மூலநிரல் பதில் போட்டிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மொத்த நிரலே 300 வரி. காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பான ஒரு சிஎஸ்வியைத் திறந்து, தலைப்புவாரியாக அடுக்கி, அச்சிடுகிறது. அவ்வளவுதான். இதற்கு பாண்டாஸ், அதன் பின்னால் நம்பை என்ற கணக்கீட்டு நூலகம், இரண்டு டிபென்டென்சியும் (நம் நிரல் நம்பியிருக்கும் பிறர் நிரல்) சேர்ந்து வட்டில் 100 எம்பிக்கு மேல். பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூல் போதாதா?

மூலநிரல்:
போதாது. எக்செலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில், எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும் பிஓஎம் என்ற 3 பைட் குறி ஒட்டிக்கொள்ளும். உங்கள் மாட்யூல் அதையும் முதல் நெடுவரிசைப் பெயரோடு சேர்த்துப் படிக்கும். கண்ணுக்கு 'தலைப்பு' என்றே தெரியும், ஓட்டினால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று கீஎரர் வரும். பாண்டாஸ் அதைத் தானே நீக்கிவிடும். பிஓஎம்முக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

பனையோலை:
கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் தீர்ந்தது. பிஓஎம் இருந்தாலும் படிக்கும், இல்லாவிட்டாலும் படிக்கும். ஒரு சொல்லுக்காக 100 எம்பியா? அப்புறம், பாண்டாஸ் தானே செய்யும் இன்னொன்றையும் கேளுங்கள். சேர்க்கை எண் 0071 என்றிருந்தால் அதை 71 ஆக்கிவிடும். அதே நெடுவரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் 71.0. போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஒட்டுச்சீட்டு அச்சடித்தோம். புத்தக முதுகெல்லாம் 71.0, 72.0. நூலகர் அக்கா ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தார். நிஜக் கோப்பைப் பார்க்காதவன் நானா?

மூலநிரல்:
நெடுவரிசையின் தரவு வகையை, அதாவது டிடைப்பை, ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று கொடுக்காதது உங்கள் தவறு. பிஓஎம்?

பனையோலை:
பிஓஎம்முக்கு மேலேயே பதில் இருக்கிறது. நான் ஒரு சொல் சேர்த்தால் ஒட்டுவேலை, நீங்கள் ஒரு சொல் சேர்த்தால் மட்டும் விவரமா?

கடைசிபெஞ்ச்:
2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பதிவகமான என்பிஎம்மிலிருந்து நீக்கினார். அதை நம்பியிருந்த, பேபல் உட்பட எத்தனை திட்டங்கள் பில்ட் ஆகாமல் நின்றன!

மூலநிரல்:
அது நீக்க விட்ட பதிவகத்தின் கோளாறு. பாண்டாஸை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக நீக்கப் போவதில்லை. தம்பி, பேச்சை மாற்ற வேண்டாம். பிஓஎம்.

கடைசிபெஞ்ச்:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். போன வருடம் என் புல் ரிக்வெஸ்டை (நான் அனுப்பிய நிரல் மாற்றத்தை) ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் மூடியது நீங்கள்தான்.

மூலநிரல்:
அதில் டெஸ்ட் இல்லை.

கடைசிபெஞ்ச்:
இரண்டு இருந்தன. திறந்துகூடப் பார்க்கவில்லை நீங்கள்.

அரிச்சுவடி:
டிபென்டென்சி, டிபென்டென்சி என்கிறீர்களே, 'சார்பு' என்று எழுதினால் என்ன?

கடைசிபெஞ்ச்:
பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன். 'சார்பை நீக்கு' என்று எழுதினால் எதை நீக்குவது?

அரிச்சுவடி:
அதற்காகத் தமிழையே விட்டுவிடுவதா?

பனையோலை:
சொல் சண்டை அப்புறம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தது தெரியவந்தது. தொலைவிலுள்ள கணினியில் உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் அந்த நூலகத்தைக் கேட்கவே இல்லை. லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டிக்காக டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீட்டுக்காரர்கள் போட்ட பேட்ச் வழியாக அது உள்ளே வந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்ததால் பிடிபட்டது. நாம் கூப்பிட்டது ஒன்று, வீட்டுக்குள் வந்தது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். எங்கள் நூலகக் கணினியில் இருப்பது 2 ஜிபி ரேம். பாண்டாஸை இறக்க டீக்கடை வாசலில் நின்று போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். பாண்டாஸ் நல்ல நூலகம்தான், புள்ளிவிவர வேலைக்கு நானும் வைத்திருக்கிறேன். இந்த 300 வரிக்கு வேண்டாம்.

மூலநிரல்:
டீக்கடைக் கதை இருக்கட்டும். எக்செலில் சேமித்த கோப்பை, நீங்கள் மாற்றிய நிரல் கிளையில் ஓட்டிக் காட்டுங்கள்.

பனையோலை:
நேற்றே ஓட்டினேன். 3 பைட்டும் போய்விட்டது, 0071 அப்படியே இருக்கிறது.

மூலநிரல்:
விண்டோஸிலா, லினக்ஸிலா?