பல்லாண்டுகளாக நின்றுபோன 1971 ஃபார்முலா ஃபோர்டு: முதலில் எஞ்சினா, சேஸிஸா?

கேள்வி: மிட்லண்ட்ஸ் கொட்டகை

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கிறேன். எசெக்ஸ் மாவட்டத்துக் கோல்செஸ்டரில் 1971ஆம் ஆண்டு கட்டப்பட்ட மெர்லின் மார்க் 20 ரக ஃபார்முலா ஃபோர்டு கார் (ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டி) ஒன்றை அண்மையில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் தொண்ணூறுகளின் இறுதியில் கடைசியாக ஓட்டிவிட்டு அதை ஒரு பண்ணைக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் விற்றுவிட்டார்கள். 1600 சிசி ஃபோர்டு கென்ட் எஞ்சின், ஹெவ்லண்ட் கியர்பாக்ஸ், சேஸிஸ் (வண்டியின் சட்டகம்) எண் தகடு ஆகிய மூன்றும் வண்டியோடு வந்தன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஓர் இடத்தில் மட்டும் சற்றே பிடிக்கிறது. முன் பிரேக்குகள் இரண்டும் இறுகிவிட்டன, கிளட்ச் விடுபடவில்லை. ஃபைபர் உடலின் சிவப்புப் பெயின்ட் உரிந்த இடங்களில் அடியில் மஞ்சள் தெரிகிறது.

1971 இறுதிக்குள் கட்டப்பட்ட ஃபார்முலா ஃபோர்டு கார்களுக்கென்று இங்கே நடக்கும் ஹிஸ்டாரிக் பந்தயங்களில் இதை ஓட்ட வேண்டும் என்பதே என் ஆசை. நண்பர் ஒருவர், புதிய பெட்ரோலும் பேட்டரியும் போட்டு எஞ்சினை ஓடவிடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் கடைசி நட்டு வரை கழற்றாமல் எதையும் தொடாதே என்கிறார். என் கையில் உள்ள பணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய ஸ்பானர், கோவை

வணக்கம் நண்பரே. மாருதி 800 எஞ்சின் வைத்து இங்கே கட்டப்பட்ட ஃபார்முலா மாருதி வண்டிகளில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு, வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, முதலில் சேஸிஸைப் பாருங்கள். எஞ்சின் கெட்டால் பணம் போகும், அவ்வளவுதான். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தில் ஒரு குழாய் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வண்டியின் சேஸிஸ் சன்னமான இரும்புக் குழாய்களை வெண்கலக் கம்பி கொண்டு பிரேசிங் செய்து, அதாவது குழாயை உருக்காமல் வெண்கலத்தை மட்டும் உருக்கி ஒட்டிக் கட்டியது. அந்தக் காலத்துப் பட்டறைகள் இதை மிக நன்றாகவே செய்தன. குழாய்க்குள் இருந்து வரும் துருவை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே சுவர் காகிதம் போல மெலிந்திருக்கும். ஆகவே அடித்தகட்டின் ரிவெட்டுகளை டிரில் செய்து எடுத்துவிட்டு, கீழ்ச்சட்டக் குழாய்கள் முழுவதையும் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், மெலிந்த குழாய் மந்தமாக ஒலிக்கும், துளைக்கும் நிலையில் உள்ளது உள்ளே அமுங்கும். அந்த அடித்தகடு வெறும் மூடி அல்ல, சட்டகத்தின் விறைப்பில் அதற்கும் பங்கு உண்டு. அதைத் திரும்ப ரிவெட் செய்யும் வரை வண்டியைச் சோதனைக்குக்கூட ஓட்டாதீர்கள். அக்காலத்துக் கார்கள் சிலவற்றில் ரேடியேட்டர் தண்ணீரே சட்டகக் குழாய்களின் வழியாகத்தான் ஓடியது. உங்களுடையதில் அப்படியிருந்தால் அந்தக் குழாய்களைத் தனியாக அடைத்து, மிதமான அழுத்தத்தில் காற்றேற்றிக் கசிவு பாருங்கள்.

பழுது பார்க்கும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். பிரேசிங் செய்த இணைப்பின்மேல் யாரையும் மிக் வெல்டிங் (இரும்பையே உருக்கி இணைப்பது) செய்ய விடாதீர்கள். மிச்சமிருக்கும் வெண்கலம் உருகிய இரும்போடு கலந்தால் அந்த இணைப்பு பார்வைக்குத் திடமாக இருந்து, சில பந்தயங்களில் கீறிக்கொள்ளும். கெட்ட குழாயை வெட்டி எடுத்து, அதே அளவுக் குழாயை அதே முறையில் பிரேசிங் செய்பவரிடம் கொடுங்கள். பெயின்டை நீக்கக் கடின மணலை வேகமாக அடிப்பதும் கூடாது. சன்னக் குழாயை அது இன்னும் மெலிய வைக்கும், மெல்லிய கீறல்களின் வாயையும் மூடிவிடும். கடைசியில் பவுடர் கோட்டிங் வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. சாதாரணப் பெயின்ட் அடித்தால் அடியில் கீறல் விழும்போது மேலே ஒரு மயிரிழைக் கோடு தெரியும். பவுடர் கோட்டிங் அதை மறைத்துவிடும்.

பதில் 2: லேத் பட்டறை

மேலே எழுதிய ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எஞ்சினை அப்படியே விட்டுவிடலாம் என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். ஓர் இடத்தில் பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நாளாக ஆக மோசமாகுமே தவிரச் சரியாகாது. ஓட்டிப் பார்ப்பது வேறு, ஒழுங்காக ஆராய்வது வேறு. இரண்டாவதற்கு அதிகச் செலவில்லை, எனவே சேஸிஸ் வேலையோடு சேர்த்தே அதைச் செய்துவிடலாம்.

ஃபார்முலா ஃபோர்டு 1967இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் தொடங்கியபோதே செலவைக் கட்டுக்குள் வைப்பதுதான் அதன் நோக்கம். அதனால்தான் எஃகுச் சக்கரமும் சாலைக் காரின் எஞ்சினும் விதியாக்கப்பட்டன. கென்ட் எஞ்சின் எளிமையானது, எளிதில் சாகாதது. அதில் சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும்; எரியும் அறை பிஸ்டனின் தலையில் குழியாகக் குடையப்பட்டிருக்கும். நீண்ட காலம் நின்ற எஞ்சினில் ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையில் இருந்திருக்கும். சைலன்சர் வழியாக ஈரம் ஏறினால் அந்தக் குழியில்தான் தங்கும். ஆகவே பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை இறக்கி, நான்கு பிஸ்டன்களின் குழியையும், பிஸ்டன் ரிங் நின்ற உயரத்தில் சிலிண்டர் சுவரையும் பாருங்கள். பிடிக்கிற இடம் எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும். அதற்குமுன் ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய எண்ணெய் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிடுங்கள், பிடிக்கிறதே என்று பலத்தைக் காட்டாதீர்கள்.

இந்த வண்டியில் டிரை சம்ப் முறை என்பதால் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். வண்டி நிற்க நிற்க அது பம்ப் வழியாக மெல்லக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். தொட்டியில் அளவு குறைகிறதே என்று மேலும் ஊற்றி, பிறகு ஸ்டார்ட் செய்ய முயல்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் முதலில் இரண்டிலிருந்தும் எண்ணெயை முழுவதுமாக வடித்து, ஃபில்டரை அறுத்து விரித்து, மடிப்புகளுக்குள் பேரிங் உலோகம் மின்னுகிறதா என்று வெயிலில் பாருங்கள். பழைய ரப்பர் எண்ணெய்க் குழாய்களின் உள்தோல் உதிர்ந்து பம்பை அடைக்கும், எனவே அவை அனைத்தும் புதிதாக வேண்டும்.

கேமரா நல்ல செய்தி சொன்னாலும்கூட, பந்தயத்துக்கு முன் எஞ்சினின் அடித்தட்டான சம்பைத் திறந்து கனெக்டிங் ராடு போல்ட்டுகளையும் பேரிங் ஷெல்களையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். பட்டறையில் சும்மா ஓடும் எஞ்சினுக்கும், களத்தில் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் வேலை செய்யும் எஞ்சினுக்கும் அந்த போல்ட்டுகளில் ஏறும் சுமை அடியோடு வேறு. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டை எடுக்க நேர்ந்தால் எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். கென்ட் எஞ்சினில் டேப்பட்டுகள் (கேமுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையில் ஏறி இறங்கும் சிறு உருளைகள்) கிராங்க் பக்கத்திலிருந்து செருகப்படுபவை என்பதால், திருப்பினால்தான் அவை கேமை விட்டு விலகி வழி விடும். எந்த டேப்பட் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வைத்து, அதே கேமைத் திரும்பப் போடுவதானால் அவற்றையும் அதே இடத்தில் போடுங்கள்.

பதில் 3: நாய்ப்பல் கியர்

நான் லெஸ்டர் பக்கம். என் கணவரும் நானும் இதே ரக வண்டி ஒன்றை வைத்திருக்கிறோம், கியர்பாக்ஸ் என் பொறுப்பு. ஹெவ்லண்ட் மார்க் 8, மார்க் 9 இரண்டுமே ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கியர்பாக்ஸின் உறையை வைத்துக் கட்டப்பட்டவை. பின்மூடியைக் கழற்றினால் கியர்களை வெளியே எடுத்துவிடலாம். களத்துக்குக் களம் விகிதம் மாற்றுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இதில் சின்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது, டாக் எனப்படும் பக்கவாட்டுப் பற்கள்தான் கியரைப் பிடிக்கின்றன. அந்தப் பற்களின் மூலையை நகத்தால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் நல்லது. உருண்டையாகத் தேய்ந்திருந்தால் வளைவின் நடுவில் கியர் தானாக வெளியே துள்ளும்.

கிளட்ச் ஒட்டிக்கொண்டதற்காக வண்டியைக் கட்டி இழுத்து விடுவிக்க யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். கியர்பாக்ஸைப் பிரித்தெடுப்பது இந்த வண்டியில் ஒரு காலை வேலை. கிளட்ச் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு இரண்டு இடங்களைப் பற்றி. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் டிரைவ் ஷாஃப்டில் ரப்பர் கப்ளிங் இருக்கும். அந்த ரப்பர் வெடித்திருந்தாலும் வெடிக்காவிட்டாலும் வயதே போதும், மாற்றிவிடுங்கள். வேகத்தில் அது பிய்ந்தால் ஷாஃப்ட் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கும். அடுத்தது முன்சக்கர அச்சு. ஃபார்முலா ஃபோர்டு கட்டியவர்கள் பலரும் டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களின் முன் அப்ரைட்டைத்தான் (சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) பயன்படுத்தினார்கள். அதிலுள்ள சன்னமான ஸ்டப் ஆக்சில் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு), சாலைக் காரின் டயருக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் வயது தெரியாவிட்டால் சோதனைக்குக்கூட அனுப்ப வேண்டாம், புதிதே வாங்குங்கள். மற்ற இரும்புப் பாகங்களைக் காந்தத் துகள் சோதனைக்குக் கொடுக்கலாம். அலுமினியம், மெக்னீசியம் வார்ப்புகளில் காந்தம் வேலை செய்யாது, அவற்றுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை.

பிரேக்கில் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களும், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பகிரும் ஒரு தண்டும் இருக்கும். எல்லோரும் சிலிண்டர் ரப்பரை மாற்றிவிட்டு அந்தத் தண்டை மறந்துவிடுவார்கள். அது துருவேறி ஒரு பக்கமாக நின்றுவிட்டால், மிதியை அழுத்தும்போது ஒரு ஜோடி சக்கரத்துக்கு மட்டுமே பிரேக் போகும்.

மிட்லண்ட்ஸ் கொட்டகை (சில வாரங்களுக்குப் பிறகு)

மூவருக்கும் மிக்க நன்றி. அடித்தகட்டை எடுத்தோம். இடப்பக்கக் கீழ்க்குழாயில், பேட்டரி வைத்திருந்த இடத்துக்கு நேர் கீழே, சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. மற்ற குழாய்கள் கணீரென்றே ஒலிக்கின்றன. கேமராவில் முதல் மூன்று பிஸ்டன்கள் சுத்தமாக இருக்க, நான்காவதன் குழியில் செம்பழுப்பு வளையமும், அதற்கு மேலே சுவரில் ரிங் அகலத்துக்கு ஒரு துருக்கோடும் தெரிந்தன. அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுதான் திறந்து நின்றிருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் எலிக்கூடும் இருந்தது.

இப்போது இரண்டு கேள்விகள். பெட்ரோல் டேங்கைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் தொட்டதும் பழுப்புத் தூளாக உதிர்கிறது, கழுவிப் பயன்படுத்தலாமா? கெட்ட குழாயை மாற்றினால் வண்டியின் அசல் தன்மை குறித்துப் பின்னால் யாராவது கேள்வி எழுப்புவார்களா?

பதில் 4: பழைய ஸ்பானர், கோவை

ஃபோமைக் கழுவ முடியாது, அதைத் தூக்கிப் போடுங்கள். அந்தத் தூள் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்கார்ந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகும், பழியோ இக்னிஷன்மேல் விழும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் குழாய்களையும், மெக்கானிக்கல் பம்பின் டயஃபிரத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். உங்கள் நாட்டில் 2021 முதல் சாதாரண பெட்ரோலே இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) தானே. பழைய வால்வு சீட்டைத் தேயாமல் காத்த ஈயப் பெட்ரோல் இப்போது இல்லாததால், ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பந்தய அமைப்பு ரப்பர்ப் பை டேங்க் கேட்டால், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் எஃப்டி3 ரகப் பைக்கு ஆயுள் 5 ஆண்டு. தயாரிப்பாளர் சோதித்துச் சான்று கொடுத்தால் மேலும் 2 ஆண்டு. அதனால் பந்தயத் தேதி உறுதியாகும் வரை வாங்காதீர்கள். சீட் பெல்ட்டையும் அதற்கு முன் வாங்காதீர்கள்.

அசல் தன்மை பற்றிக் கவலை வேண்டாம். பந்தயத்தில் ஓடிய எந்த வண்டியும் வாழ்நாளில் சில குழாய்களை மாற்றியிருக்கும். பின்னாளில் ஃபார்முலா 1 உலக சாம்பியனான எமர்சன் ஃபிட்டிபால்டி 1969இல் ஓட்டியதும் ஒரு மெர்லின் ஃபார்முலா ஃபோர்டுதான் என்பதால் இந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம், அதனால் ஆவணமும் கேட்பார்கள். வெட்டுவதற்கு முன் அளவு நாடா வைத்துப் படமெடுங்கள், வெட்டிய துண்டைச் சீட்டுக் கட்டி வையுங்கள், எண் தகடு உள்ள குறுக்குச் சட்டத்தை மட்டும் தொடாதீர்கள். சிவப்புக்கு அடியில் இருக்கும் மஞ்சளையும் ஓர் இடத்தில் தேய்க்காமல் விடுங்கள். பழைய பந்தயப் படம் ஏதாவது கிடைத்தால் ஒப்பிட உதவும்.

பதில் 5: லேத் பட்டறை

நான்காவது சிலிண்டருக்கு ஒரு சொல். ஹெட்டைக் கழற்றி அந்தத் துருக்கோட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்காவிட்டால் லேசான ஹோனிங்கும் (சுவரை மெல்ல உரசிச் சீராக்குவது) புதிய ரிங்கும் போதும். தடுத்தால், மற்ற மூன்று சிலிண்டர்களின் அளவையும் எடுத்து, இதற்கு முன் எத்தனை முறை போர் செய்திருக்கிறார்கள் (சிலிண்டர் துளையைக் கடைந்து அகலப்படுத்தியிருக்கிறார்கள்) என்று கணக்கிட்ட பிறகே பிளாக்கை மெஷினுக்கு அனுப்புங்கள். ஃபார்முலா ஃபோர்டு விதி போரின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை ஏற்கெனவே தொட்டிருந்தால் அந்த ஒரு சிலிண்டருக்கு லைனர் (உள்ளே பொருத்தும் புதிய உறை) போடுவதுதான் வழி. அளவுகளை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.