2.5 டன் ஃபோர்க்லிஃப்ட், 2.5 டன் உரம்: பின்சக்கரம் ஏன் எழும்புகிறது?

கேட்பவர் (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். நான் ஒரு செம்பனைத் தோட்டத்து உரக்கிடங்கில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். எங்களிடம் 2.5 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றுதான் உள்ளது. 50 கிலோ மூட்டைகள் 50 அடுக்கினால் 2,500 கிலோதான் வருகிறது; இருந்தும் மூட்டைகள் அடுக்கிய பேலட்டை (சுமையைத் தாங்கும் பலகைத் தளத்தை) தட்டின் இரண்டாம் அடுக்குக்கு உயர்த்தும்போது பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்புகின்றன. மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) வண்டியின் பின்னால் இரண்டு பேரை ஏறி நிற்கச் சொல்கிறார். வண்டியில் கோளாறா, அல்லது ரீச் டிரக் (கரங்களை முன்னால் நீட்டிச் சுமையை எடுக்கும் கிடங்கு வண்டி) வாங்க வேண்டுமா?

பட்டறைக்காரர்:
முதலில் அந்த இருவரையும் இறக்கிவிடுங்கள் ஐயா. மற்றதைப் பிறகு பேசலாம்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:
வண்டியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, கணக்கில்தான் கோளாறு. இவ்வகை வண்டி துலாக்கோலைப் போன்றது: முன் அச்சு நடுவில் தாங்க, பின்னாலுள்ள எதிர் எடை முன்னாலுள்ள சுமையைச் சமன் செய்கிறது. 2.5 டன் என்பது, சுமையைத் தூக்கும் இரும்புக் கரங்களின் செங்குத்து முகத்திலிருந்து சுமையின் நடுப்புள்ளி 500 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால் மட்டுமே பொருந்தும். உங்கள் பேலட் 1,000க்கு 1,200 மில்லிமீட்டர் அளவாக இருந்து, 1,000 பக்கத்தில் கரங்களை நுழைக்கிறீர்கள் என்றால், நடுப்புள்ளி 600க்குத் தள்ளிப்போய்விடும். அப்போது தூக்கும் திறன் ஏறத்தாழ 2.2 டன்னாகக் குறையும். பேலட்டின் எடையை நீங்கள் சேர்க்கவே இல்லை. உயரத்தில் மாஸ்டை (கரங்கள் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டத்தை) முன்னால் சாய்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். திருப்புவது பின்சக்கரங்கள்தாம் என்பதால், அவை எழும்பினால் ஸ்டியரிங் வெறும் அலங்காரம். இருக்கைக்கு அருகிலுள்ள திறன் தகட்டைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கிடங்கு மேற்பார்வையாளர் (ஈப்போ):
ரீச் டிரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுடையதைப் போல் எதிர் எடை கொண்ட கவுன்டர்பேலன்ஸ் வண்டி திரும்ப மூன்றரை முதல் நான்கு மீட்டர் வழி தேவைப்படும் இடத்தில், ரீச் டிரக்குக்கு மூன்று மீட்டருக்குள் போதும். உயரமான தட்டுகளுக்கும் அதுவே ஏற்றது. ஆனால் அதன் சிறிய, கெட்டியான சக்கரங்களுக்கு வழுவழுப்பான சமதளம் வேண்டும். மழையில் நனைந்த செம்மண் முற்றத்தில் லோரியிலிருந்து உரம் இறக்க அது உதவாது. அங்கே உங்கள் பழைய வண்டிதான் ராஜா. மூடிய கிடங்குக்குள் டீசல் புகை தொல்லை தந்தால் மின்கல கவுன்டர்பேலன்ஸ் வண்டியைப் பாருங்கள். ஈய அமில மின்கலத்துக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால், அந்த இடத்தில் காற்றோட்டம் கட்டாயம்.

கேட்பவர்:
தகட்டைத் துடைத்துப் பார்த்தோம். 600 மில்லிமீட்டருக்கு 2,200 என்றே இருக்கிறது. இத்தனை வருடம் அதன்மீது உரத்தூள் படிந்து கிடந்தது. ஓர் அடுக்குக்கு ஐந்து மூட்டை வீதம், பத்து அடுக்கை எட்டாகக் குறைத்து 2,000 கிலோவோடு நிறுத்தினோம். இன்று காலை பின்சக்கரம் எழும்பவில்லை. மண்டோருக்கும் தகட்டைக் காட்டிவிட்டேன்; ரீச் டிரக் பேச்சு இப்போதைக்கு இல்லை.