புதுப்பிப்பு: பைக்கில் விழுந்தபின் தீராத தலைசுற்றல், காரணம் கழுத்து

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கபடியில் தலையில் அடிபட்ட தம்பி சீக்கிரமே தேறிவிட்டான், மன்னார்குடி சாலையில் பைக்கிலிருந்து விழுந்த அண்ணனுக்கு மட்டும் ஸ்கேனில் ஒன்றும் இல்லாமலே மாதக்கணக்கில் தலைவலியும் தலைசுற்றலும் ஏன், இருவருக்கும் மூளை அதிர்ச்சிதானே (அடிபட்டு மூளை குலுங்குவது, concussion) என்று கேட்டிருந்தேன்.

"கழுத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. வண்டி விபத்தில் கழுத்தும் சேர்ந்து சட்டென்று குலுங்கி இழுபடுவது சகஜம், அதனாலும் இதே தொந்தரவுகள் வரும். தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட் கழுத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தபிறகுதான் குறைந்தது. முதல் ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்க வேண்டாம், மெதுவாக நடக்கலாம் என்றார்.

எதிர்பாராதது பயம். லாரி ஹாரன் கேட்டாலே அண்ணனுக்கு உடம்பு நடுங்கி, தூக்கம் போய், தலைவலி கூடியது; அதற்குத் தனியாக மனநல மருத்துவரைப் பார்க்கிறோம்.

அப்புறம், அடிபட்டதும் திரும்பத் திரும்ப வாந்தியோ குழப்பமோ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.