ஒர்க்‌ஷாப்ல மேனேஜர் ஒட்டுன இடத்துலயே எல்லாரும் ஒட்டறாங்க, இன்னா பண்றது?

ராயபுரம்_கேட்டு:
வணக்கம் மக்களே, ஹார்பர் பக்கம் ஒரு குடோன்ல வேலை எனக்கு. லாரில லோடு இறக்க லேட் ஆவுதுன்னு போன மாசம் அரை நாள் ஒர்க்‌ஷாப் வச்சோம், நடத்துற வேலைய என் தலைல கட்டிட்டாங்க. 14 பேரு. வந்த ஐடியாவெல்லாம் சார்ட்ல எழுதி சொவுத்துல ஒட்டிட்டு, ஓட்டு போட எம்.சி.ரோட்ல ஸ்டிக்கர் பொட்டு வாங்கியாந்து ஆளுக்கு மூணு குடுத்தேன். மேனேஜர் மொதல்ல எந்திரிச்சி போயி மூணையும் "ஷிப்ட் டைம் மாத்தலாம்"ல ஒட்டிட்டாரு, அவ்ளோதான், அந்த சார்ட்டுக்கு மட்டும் அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சி. ரெண்டு வாரம் கழிச்சி பாத்தா ஒருத்தனும் புது டைமுக்கு வர்ல. டீக்கடைல கேட்டா "நாங்க எங்கண்ணா ஒத்துக்கினோம், அவரு ஒட்டுனாரு நாங்களும் ஒட்டுனோம்"ன்றானுங்க. மறுபடி நடத்தணும், ஐடியா குடுங்க.

தண்டையார்பேட்டை_தம்பி:
பொட்டு மேல தப்பு இல்லண்ணா, ஒட்டுன வரிசைல தான் தப்பு. சாலமன் ஆஷ்னு ஒருத்தர் 1950கள்ல கோடு அளவ வச்சி சோதனை பண்ணாரு, கண்ணுக்கு நேரா தெரியுற விடையவே மத்தவங்க தப்பா சொன்னா நாமளும் தப்பா சொல்றோம், ஆனா வாயால சொல்லாம தனியா எழுதிக் குடுக்கச் சொன்னா அது நல்லா கொறஞ்சிடுது. அதனால பேச்சே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரும் சைலண்டா எழுதட்டும், அப்புறம் ஆளுக்கு ஒண்ணா சொல்லட்டும், நடுவுல யாரும் கமெண்ட் அடிக்கக் கூடாது. இதுக்கு நாமினல் குரூப் டெக்னிக்னு பேரு, 1971லயே டெல்பெக்கும் வான் டி வென்னும் எழுதிட்டாங்க. பொட்டு ஒட்டறதுக்கு முன்னாடி எதுக்குன்னு சீட்டுல எழுதி கைல வச்சிக்கச் சொல்லுங்க. மேனேஜர் கடைசி.

இன்னொண்ணு, ஒரே மாதிரி ஐடியா ரெண்டு இருந்தா மொதல்லயே சேத்துடுங்க, இல்லன்னா ஓட்டு பிரிஞ்சி சம்பந்தமே இல்லாத மூணாவது ஜெயிச்சிடும்.

கேரம்_காயின்:
பொட்டு வச்சா புடிச்சது தான் தெரியும் பாஸ், எவனுக்கு எது ஒத்து வராதுன்னு தெரியாது. உங்க கேஸ்ல மாட்டுனதே அங்க தான். கடைசில ஒண்ணு முடிவானதும் சா பூ த்ரீ மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல கைய நீட்டணும். அஞ்சு விரல்னா ஃபுல் சப்போர்ட், மூணுன்னா பரவால்ல ஓட்டலாம், ஒண்ணு ரெண்டுன்னா எனக்கு பிரச்சன இருக்கு, மூடுன கைன்னா முடியவே முடியாது. கம்மியா காட்டுனவன கேளுங்க, "ஏன் ஒத்துக்கல"ன்னு இல்ல, "இன்னா மாத்துனா மூணு விரலாவது வரும்"னு. எங்க டீம்ல ஒரு அக்கா ரெண்டு விரல் காட்டுனாங்க, கேட்டா காலைல புள்ளைய ஸ்கூல்ல விடணுமாம், அரை மணி நேரம் தள்ளி வச்சோம், முடிஞ்சிபோச்சி.

பெரம்பூர்_பாய்லர்:
இதெல்லாம் வெள்ளக்காரன் சொல்லித் தரணுமா, சோழர் காலத்துலயே குடவோலைல ஓட்டு போட்டவங்க நாம 😎

தண்டையார்பேட்டை_தம்பி:
தல, அது ஓட்டு இல்ல, குலுக்கல். உத்திரமேரூர் கல்வெட்டுல தெளிவா இருக்கு, 30 குடும்பு (இப்போ வார்டு மாதிரி), தகுதி இருக்கறவங்க பேர ஓலைல எழுதி குடத்துல போட்டு சின்னப் பையன வுட்டு எடுக்கச் சொல்லுவாங்க. ஆள எடுக்கற முறை அது, ஐடியா எடுக்க இல்ல.

மணலி_மாமா:
ஒரு கேள்விப்பா, முடிவு யாருதுன்னு மொதல்லயே சொன்னியா? மேனேஜர் தான் முடிவு பண்ணுவாரு, நீங்க ஆலோசனை தான்னா அத ஆரம்பத்துலயே சொல்லிடு, யாரும் கோச்சிக்க மாட்டாங்க. ஓட்டுன்னு சொல்லிட்டு அப்புறம் மாத்துனா தான் அடுத்த தடவ வாயே தொறக்க மாட்டாங்க.

ராயபுரம்_கேட்டு:
சொல்லவே இல்ல மாமா, தப்பு நம்மளுது தான். ஒரு டவுட்டு, ஃபோர்க்லிஃப்ட் பசங்க நாலு பேருக்கு எழுத கூச்சம், சீட்டு குடுத்தா பக்கத்து ஆள பாத்து எழுதுவானுங்க.

கேரம்_காயின்:
ரெண்டு ரெண்டு பேரா பேச வுடுங்க, எழுத வர்றவன் எழுதட்டும். ஓட்டுக்கு சீட்டே வேணாம், ஐடியாவுக்கு ஒரு டப்பா, மேல படம் வரஞ்சி ஒட்டிடுங்க, மூடில தொள போட்டு மறைவா வச்சி ஆளுக்கு மூணு புளியங்கொட்ட.

ராயபுரம்_கேட்டு:
புளியங்கொட்ட ஆயா பல்லாங்குழி பெட்டில இருக்கு, 42 வேணும், எண்ணித் திருப்பித் தரணுமாம். சனிக்கிழமை வைக்கிறேன், வந்து சொல்றேன்.