618 ÷ 6 = 13: ஈவின் நடுவில் வரும் 0-ஐ விட்டுவிடுகிறார்கள்

ஐந்தாம் வகுப்பு, தமிழ் வழி. 96 ÷ 4 சரியாகச் செய்கிறார்கள். 618 ÷ 6 என்றால் 1-ஐ இறக்கி, போகாததால் உடனே 8-ஐயும் இறக்கி, 18-க்கு 3 போட்டு 13 என்று முடிக்கிறார்கள். வாய்பாடு நன்றாகவே தெரியும்.

குச்சிக் கட்டுகளால் பங்கிட்டால் 103 வருகிறது, தாளில் வருவதில்லை. கட்டம் போட்ட நோட்டும் பார்த்தாயிற்று. 13 × 6 = 78 என்று சரிபார்த்தால் தப்பு தெரிகிறது, எங்கே என்று தெரிவதில்லை. "போகாவிட்டால் 0 போடு" என்ற விதி இன்னும் மோசம்: 735 ÷ 5-இல் முதலில் மீதி 2, அடுத்து மீதி 3; இரண்டும் 5-ஐவிடச் சிறியவை என்று அங்கும் 0 போட்டு, விடை 10407!

குச்சிக்கும் தாளுக்கும் நடுவே, 0 விடுபடாமலும் கூடுதலாக விழாமலும் இருக்க, நீங்கள் வகுப்பில் என்ன படி வைக்கிறீர்கள்?