ஏழு மாதக் குழந்தையுடன் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வார இறுதிப் புகையிரதப் பயணம்: பகலா, இரவா?

வாவிக்கரை அம்மா

வணக்கம். எங்கள் மகளுக்கு இந்த மாதத்துடன் ஏழு மாதம் நிறைவடைகின்றது. பிள்ளை பிறந்த நாள் முதல் நான் நகரத்தை விட்டு வெளியே போகவில்லை என்பதால், ஒரு வார இறுதியைக் கொழும்பில் கழித்துவிட்டு வரலாம் என்று கணவரும் நானும் முடிவு செய்திருக்கின்றோம். பேருந்தில் எழுந்து நிற்கவோ மறைவாகப் பாலூட்டவோ வசதி இல்லாததால் புகையிரதத்திலேயே போக விரும்புகின்றோம். சனிக்கிழமை காலை உதயதேவி என்னும் பகல் புகையிரதத்தில் புறப்பட்டு, ஞாயிறு இரவுப் புகையிரதத்தில் திரும்பி, திங்கட்கிழமை காலை கணவர் வேலைக்குச் செல்வதென்பது எங்கள் திட்டம்.

எனக்குள்ள பெரிய கவலை பிள்ளையின் நித்திரைதான். அவள் பிறந்ததிலிருந்து ஏணையில் மட்டுமே உறங்குகின்றாள். என்னுடைய பழைய நூல் சேலையை முகட்டு வளையில் கட்டியிருக்கின்றோம்; ஆட்டம் நின்றவுடன் கண்ணைத் திறந்துவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளையை எட்டு ஒன்பது மணித்தியாலங்கள் எப்படி வைத்திருப்பது, தங்குமிடத்தில் இரவை எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை. கைக்குழந்தையுடன் இந்தப் பாதையில் பயணம் செய்தவர்கள் தயவுசெய்து உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

கல்முனைத் தாய்

தங்கச்சி, நான் என் மகனை எட்டு மாதத்தில் இதே பாதையில் கொண்டு போனேன். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் புகையிரதப் பாதையே இல்லாததால், நாங்கள் முதல் நாளே மட்டக்களப்புக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் நிலையத்துக்குப் போனோம். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை என்பதே பாதி நிம்மதி.

போகும்போது பகல் புகையிரதம் என்ற உங்கள் முடிவு சரியானது. திரும்புவதற்கு இரவுப் புகையிரதம் வேண்டாம் என்பேன். பிள்ளை இரவில் உறங்கிவிடும் என்று எண்ணித்தான் நாங்களும் அதில் வந்தோம். ஆனால் பெட்டியின் விளக்குகள் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் பொதிகளை இழுத்தார்கள். கல் ஓயாச் சந்திக்கு முன்னால் காட்டுக்குள் நீண்ட நேரம் நின்றுவிட்டோம். அந்தப் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடப்பதால் இரவில் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கின்றது. 2025 பெப்ரவரியில் அங்கே புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்ததை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே அந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது, வெளியே ஒரு வெளிச்சமும் தெரியாத இடத்தில், எப்போது புறப்படும் என்று தெரியாமல் காத்திருப்பது தாய்க்குப் பெரிய சோதனை.

ஏணையைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பொதி வைக்கும் தட்டின் கம்பியில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்த ஒரு தாயை நான் கண்டேன். எனக்கும் ஆசை வந்து, சேலையை வெளியே எடுத்துவிட்டேன். அந்த நேரம் பெட்டி ஒருமுறை பலமாகக் குலுங்க, அந்த ஏணை பக்கவாட்டில் வீசி, குழந்தையின் தலை ஆசனத்தின் கைப்பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் சேலையை மடித்து வைத்துவிட்டேன். நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் துணிப் பையில் மகனை வைத்து, பெட்டியின் ஆட்டத்துக்கு விட்டேன்; வந்தாறுமூலை தாண்டும் முன்னரே உறங்கிப்போனான். ஏணையின் ஆட்டமும் புகையிரதத்தின் ஆட்டமும் பிள்ளைக்கு ஒன்றுதான் என்று அன்று விளங்கியது. முகம் துணியில் புதையாமல், மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறையுடன் சேர்ந்து வரும் வார இறுதிகளில் ஆசனம் கிடைப்பது கடினம். பதிவில்லாத பெட்டியில் கைக்குழந்தையுடன் ஏறுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். குளிரூட்டப்பட்ட பெட்டி கிடைத்தால், பிள்ளைக்குக் காலுறையும் ஒரு கனமான போர்வையும் தேவைப்படும். தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கொழும்புக் கோட்டை நிலையத்தின் மேம்பாலப் படிகளில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது.

ஏறாவூர் மருத்துவமாது (ஓய்வு)

மகள், குடும்பநல மருத்துவமாதுவாகப் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்ற அனுபவத்தில் எழுதுகின்றேன். ஆறு மாதத் தடுப்பூசி முடிந்து, ஒன்பது மாதத் தடுப்பூசிக்கு இன்னும் காலம் இருப்பதால், பயணத்துக்கு இது நல்ல இடைவெளி. புறப்படுவதற்கு முந்தைய நாள் காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தால், பதிவு செய்த பணத்தைப் பற்றி யோசிக்காமல் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். கிளினிக் கொப்பியைக் கைப்பையில் வையுங்கள். வெளியூர் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

பயணம் முழுவதும் தாய்ப்பாலே பிரதான உணவாக இருக்கட்டும். வீட்டில் கரைத்த சோற்றையும் பருப்பையும் டப்பாவில் அடைத்துக் கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வெக்கையில் அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. மணத்தில் மாற்றம் தெரியாத நிலையிலேயே கெட்டிருக்கும். நன்றாகப் பழுத்த கதலிப் பழங்களைத் தோலுடன் கொண்டு போய், வேண்டிய நேரத்தில் கையைக் கழுவி, ஒரு கரண்டியால் மசித்துக் கொடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீர் ஒரு போத்தலிலும், கழுவுவதற்கு வேறு நீர் இன்னொரு பெரிய போத்தலிலும் இருக்க வேண்டும். பெட்டியின் கழிவறைக் குழாயில் கடைசி வரை நீர் வரும் என்று நம்ப முடியாது. பம்பஸ் மாற்றுவதற்கு ஆசனத்தில் ஒரு றப்பர் விரிப்பே போதும்.

அன்பினால் வரும் ஆபத்தையும் சொல்லிவிடுகின்றேன். பக்கத்து ஆசனத்தில் இருக்கும் ஆச்சி கச்சானையோ சோளத்தையோ பிள்ளையின் கையில் கொடுப்பார். அவர் மனம் நோகாமல் வாங்கி நீங்கள் சாப்பிடுங்கள். பிள்ளையின் வாய்க்குப் போகவிட வேண்டாம். தொண்டையில் அடைத்தால் புகையிரதத்தில் உதவி கிடைப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

தங்குமிடத்தில் ஏணைக்கு வளை தேடாமல், மெத்தையைத் தரையில் இறக்கிப் பிள்ளையைப் படுக்க வையுங்கள். ஏணைச் சேலையைத் துவைக்காமல் கொண்டு போய் மெத்தையின் மேல் இறுக்கமாக விரியுங்கள். வீட்டின் மணம் பிள்ளைக்குத் தெரியும். குடை போல விரியும் நுளம்பு வலையும் அவசியம், ஏனெனில் டெங்கு நுளம்பு பகலிலேயே கடிக்கும்.

தண்டவாளத்து நண்பன்

சகோதரி, மேலே சொல்லப்பட்டவை யாவும் உண்மை. ஆயினும் கொழும்பு என்ற முடிவையே மறுபரிசீலனை செய்யும்படி கேட்பேன். பாதை ஏறத்தாழ 350 கிலோமீற்றர். சனிக்கிழமை பிற்பகலில் இறங்கி, இரவுப் புகையிரதத்தைத் தவிர்த்து ஞாயிறு காலையே ஏறினால், காலி முகத்திடலில் ஒரு மாலைக் காற்றைத் தவிர வேறெதுவும் உங்களுக்கு மிஞ்சாது. திங்கட்கிழமை விடுமுறை கிடைத்தால் மட்டுமே அது ஓர் ஊர் பார்த்த பயணமாகும். அப்போதும் ஞாயிறன்று 1877இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தையும் அதனருகிலுள்ள விகாரமாதேவிப் பூங்காவையும் பார்த்துவிட்டு, மதியத்துக்கு முன்னர் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

விடுமுறை கிடைக்காவிட்டால் பொலன்னறுவைக்குப் போங்கள். அதே காலைப் புகையிரதத்தில் வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை கடந்து, மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டினால் சற்று நேரத்தில் இறங்கிவிடலாம்; பிள்ளையின் ஓர் உறக்கத்துக்குள் பயணம் முடிந்துவிடும். நிலையம் கதுறுவெலையில் இருக்கின்றது, பழைய நகரத்துக்கு முச்சக்கர வண்டி எடுக்க வேண்டும். சோழர் காலத்துச் சிவாலயத்தையும் கல் விகாரையையும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலுடன் கல்லில் நிற்க முடியாது. சனிக்கிழமை மாலையில் பராக்கிரம சமுத்திரம் என்னும் பெரிய குளத்தின் அணைக்கட்டில் பிள்ளையுடன் நடக்கலாம்.

கல்முனைத் தாய்

நண்பர் சொல்வதை ஏற்கின்றேன், ஒரு சிறு திருத்தத்துடன்: பிற்பகல் வெக்கையைத் தாங்க, குளிரூட்டிய அறை ஒன்றைப் பொலன்னறுவையில் கட்டாயம் எடுங்கள்.

வாவிக்கரை அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு கணவரும் நானும் அமர்ந்து வாசித்தோம். அவருக்குத் திங்கட்கிழமை விடுமுறை கிடைக்காது என்பதால், இம்முறை பொலன்னறுவை என்று தீர்மானித்து, இரு வழிக்கும் பகல் புகையிரதத்தில் ஆசனம் பார்க்கின்றோம். மருத்துவமாது அம்மா சொன்னபடி ஏணைச் சேலையை இன்று பகல் தரையில் விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்துப் பார்த்தேன். முதலில் அழுதாள், பிறகு சேலையின் கரையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் உறங்கினாள். புறப்படும் வரை ஒவ்வொரு பகலும் இதைப் பழக்கப்படுத்தப் போகின்றேன்.

பழைய நகரத்துக்கு அருகில், சமையலறையில் கொஞ்சம் சுடுதண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காமல் தரும் தங்குமிடம் எதுவும் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.